கையுறைக்குள் ஐந்து பெயர்கள்

"அந்தத் துரோகிய எனக்கு மூணு மணிக்குள்ள காட்டுங்க," என்றார் என்ஸியோ கௌத்தோ. "நாலு மணிக்கு நான் ஆட்டக்காரங்க பட்டியல்ல கையெழுத்துப் போடணும். அஞ்சு மணிக்கு மேட்ச். அதுக்கப்புறம் கண்டுபிடிச்சு என்ன பிரயோஜனம்?"

கிவிலம்பி கடமான்கள் என்ற ஐஸ் ஹாக்கி கிளப்பின் மேனேஜர் அவர். இரண்டு நாளாகத் தூக்கம் பார்க்காத கண்கள். அவர் மேஜைமேல் இருந்த ஏலக்காய் பன்னை யாரும் தொடவில்லை. துப்பறிவாளரின் உதவியாளன் ஓஸ்மோ மட்டும் தொட்டான். தொட்டதோடு நிற்கவும் இல்லை.

துப்பறிவாளர் ராக்கெல் விர்த்தா கண்ணாடி வழியாகக் கீழே பார்த்தாள். பனித்தரையில் காலைப் பயிற்சி முடியும் நேரம். செப்டம்பரில் தொடங்கிய லீக். அறுபது மேட்சில் ஐம்பத்தொன்பது முடிந்துவிட்டன. ஜனவரி வரை நான்காவது இடத்தில் இருந்த கடமான்கள் சரிந்து சரிந்து இப்போது பதினோராவது இடத்தில் கிடந்தார்கள். அடுத்த சுற்று முதல் பத்து அணிகளுக்குத்தான். இன்று ஜெயிக்காவிட்டால் சீசன் இன்றோடு சரி.

"ஜனவரி நடுவுலேர்ந்து எதிராளிங்களுக்கு எங்க ஆட்டம் முன்கூட்டியே தெரிஞ்சுபோகுது," என்றார் என்ஸியோ. "நாங்க சைகை காட்டி முடிக்கறதுக்குள்ள அவனுங்க அங்க போய் நிக்கிறானுங்க. யாரோ உள்ளேர்ந்து சொல்றான். செவ்வாய்க்கிழமை ஆதாரமே கெடச்சுது. எதிர் டீம் அறை வாசல்ல விழுந்து கெடந்துச்சு."

ஒரு பிளாஸ்டிக் உறையை நகர்த்தினார். உள்ளே ஒரு சாண் நீளத்துக்கு வெள்ளைத் துணி டேப். மட்டையில் சுற்றுகிற சாதாரண டேப்தான். அதன்மேல் நீல மசியில் பொடி எழுத்து.

கரடி – இடது ஓரம்.
தபால்காரன் – வலது ஓரம்.
மாமா – பின்னால் இடது.
ஹென்ரிக் – பின்னால் வலது.
ஊசி – கோல்.

அடியில் ஒரு கோடு போட்டு, 'முதல் பகுதி: கடிகாரம் பக்கம் அடி.'

"பட்டப்பேரா?" என்றாள் ராக்கெல்.

"ஆமா. நம்ம பசங்க அறைக்குள்ள ஒருத்தர ஒருத்தர் அப்படித்தான் கூப்பிட்டுக்குவாங்க. என் சந்தேகத்தையும் சொல்லிடறேன். ஹென்ரிக் ஸ்ட்ராண்ட். அடுத்த வருஷம் ஸ்வீடனுக்குப் போறான், கையெழுத்துப் போட்டாச்சு. இந்த ஊர்மேல இனிமே அவனுக்கு என்ன அக்கறை? மூணு மணிக்குள்ள வேற பேரு வரலேன்னா அவனப் பட்டியல்லேர்ந்து தூக்கிட்டு டிவிக்காரங்கிட்ட காரணத்தச் சொல்லிடுவேன்."

"அவருக்கும் பட்டப்பேரு உண்டா?"

"வாத்து. நடை அப்படி. ஆனா அவன் எதிர்ல சொன்னா மட்டையத் தூக்கிடுவான்."

ராக்கெல் அதைக் குறித்துக்கொள்ளவில்லை. அவள் எதையுமே குறித்துக்கொள்வதில்லை.

கீழே இறங்கினார்கள். பத்திரிகைக்காரர்கள் என்று என்ஸியோ அறிமுகம் செய்துவைக்க, கேப்டன் சம்ப்ஸா நீராநென் தடுப்புப் பலகை வரை சறுக்கி வந்து ஹெல்மெட்டைக் கழற்றினான். வயது முப்பத்தாறு. பதினாறு சீசன் இதே சட்டை. தொள்ளாயிரம் மேட்சுக்கு மேல்.

"பயப்படாதீங்க," என்று மூக்கைத் தொட்டுக் காட்டினான். "இது மூணு தடவ ஒடஞ்ச மூக்கு. ரெண்டு தடவ எதிராளி. ஒரு தடவ மாமியார் வீட்டுக் கதவு." கொஞ்சம் நிறுத்தினான். "கதவுதான் ரொம்ப பலம்."

ஓஸ்மோ வாய்விட்டுச் சிரித்தான். முன்பற்கள் மூன்று இல்லாத சிரிப்பு.

"அண்ணே, நீங்களும் நம்ம ஜாதியா? எந்த டீம்?"

"மூணு டீம். டீமுக்கு ஒரு பல்லு குடுத்துட்டு வந்துட்டேன்."

கேப்டன் சிரித்துவிட்டு ராக்கெலின் கையை அழுத்தமாகக் குலுக்கினான். அவர்களைத் தாண்டி ஒரு தடுப்பாட்டக்காரன் தலையைக் குனிந்துகொண்டே போனான். ஹென்ரிக். கேப்டனைப் பார்க்கவில்லை. கேப்டனும் கூப்பிடவில்லை.

"ரெண்டு பேரும் ஜனவரிலேர்ந்து பேச்சுவார்த்தை இல்ல," என்று என்ஸியோ காதோரம் சொன்னார். "பயிற்சியில ஒரு தடவ மோதிக்கிட்டாங்க. அன்னைலேர்ந்து இப்படித்தான்."

*

அறைகளுக்குப் போகும் நடையில் லெம்பி உட்கார்ந்திருந்தாள். இருபது வருடமாக அந்த நாற்காலி அவளுடையது. மஞ்சள் அங்கி, மடியில் கம்பளிப் பின்னல்.

"செவ்வாய்க்கிழமை இந்தப் பக்கம் யாராவது தப்பா வந்தாங்களா?" என்றாள் ராக்கெல்.

"என்னத் தாண்டி யாரு வருவா?" லெம்பி ஊசியை நிறுத்தவில்லை. "கேப்டன் மட்டும் வந்தாரு. ரெண்டாவது பகுதி முடிஞ்சதும் நேரா எதிர் டீம் கதவுக்குப் போயி, கையுறையக் கழட்டிட்டு கைப்பிடியப் புடிச்சிட்டாரு. 'ஏம்ப்பா, எங்க போற?'ன்னு கேட்டேன். ஒரு மாதிரி திரும்பிப் பாத்தாரு. அப்புறம் சிரிச்சிட்டு, 'சும்மா பயமுறுத்தலாம்னு வந்தேன் லெம்பி'ன்னாரு. தமாஷான புள்ள."

நடையைத் தாண்டி வெயிலுக்கு வந்ததும் ஓஸ்மோ விசில் அடித்தான். "முடிஞ்சுபோச்சு மேடம். கேப்டனே ஆளு! கதவு வரைக்கும் போயி சீட்டப் போட்டுட்டு வந்திருக்கான். கொம்பு முளைச்ச கடமான்."

"சாப்பிட்டுட்டுப் பேசு."

காரில் உட்கார்ந்தார்கள். கூரைகளிலிருந்து பனி உருகிச் சொட்டிக்கொண்டிருந்தது. ஓஸ்மோவின் மடியில் கடுகு தடவிய சாசேஜ் இரண்டு. ஒன்று ராக்கெலுக்கு என்று வாங்கியதுதான். அவள் கேட்பதற்குள் அதிலும் ஒரு கடி குறைந்திருந்தது.

"எதிராளிக்கு உளவு எழுதறவன் ஆட்டக்காரங்கள எப்படி எழுதுவான்?"

"நம்பர்ல. முதுகுல பெருசா எழுதியிருக்கே."

"இதுல நம்பர் இருக்கா?"

"இல்ல. கரடி, மாமா... " ஓஸ்மோ மெல்லுவதை நிறுத்தினான். "கரடின்னா எவனுக்குப் புரியும்? காட்டு இலாகாவுக்குப் போன் பண்ணுவான்."

"'ஊசி – கோல்'. கோல்ல நிக்கறது யாருன்னு ரகசியமாத் தெரிவிக்கணுமா?"

"ஒரு மெத்தைக் கடையவே மேல கட்டிக்கிட்டு கோல் முன்னாடி ஒருத்தன் நிக்கிறான். அவனப் பாத்து 'இவரு யாரா இருப்பாரு'ன்னு யாரும் யோசிக்க மாட்டான்."

"கடைசி வரி. 'கடிகாரம் பக்கம் அடி.' நாம எந்தப் பக்கம் அடிக்கணும்னு எதிராளிக்கு எதுக்குச் சொல்லணும்?"

ஓஸ்மோ விரலில் இருந்த கடுகைத் துடைத்துக்கொண்டான்.

"ஊருக்கே தெரிஞ்சத யாரும் கடத்த மாட்டாங்க," என்றாள் ராக்கெல். "இந்தச் சீட்டு வெளிய போறதுக்காக எழுதினது இல்ல. உள்ளயே இருக்கறதுக்காக எழுதினது. பனியில ஒரு சமயத்துல நம்ம ஆளுங்க எத்தன பேரு?"

"ஆறு."

"சீட்டுல?"

அவன் விரல் விட்டு எண்ணினான். "அஞ்சு. நடு ஆட்டக்காரன் இல்ல. அதாவது கேப்டன் இல்ல."

"தன் பேர தனக்கே யாரும் எழுதி வெச்சுக்க மாட்டாங்க. பட்டியல்ல இல்லாதவன்தான் பட்டியலுக்குச் சொந்தக்காரன். கையுறைக்குள்ள, மணிக்கட்டுப் பக்கம் ஒட்டியிருந்திருக்கு. கதவுகிட்ட கழட்டினப்ப விழுந்திருக்கு."

"அவன் பதினாறு வருஷமா இங்க ஆடறான் மேடம்! அவனுக்கு எதுக்கு மாமா எந்தப் பக்கம் நிப்பான்னு..."

வாக்கியத்தை அவன் முடிக்கவில்லை. ராக்கெல் கார்க் கதவைத் திறந்தாள்.

*

மணி இரண்டே முக்கால். ஆட்டக்காரர்கள் வீட்டில் ஒரு தூக்கம் போட்டுவிட்டு ஒவ்வொருவராக வரத் தொடங்கியிருந்தார்கள். கேப்டன் சம்ப்ஸா நடை முனையில் காபிக் கோப்பையோடு நின்றிருந்தான். இவர்களைப் பார்த்ததும் மலர்ந்த முகத்தோடு கையை நீட்டினான்.

"வணக்கம். சம்ப்ஸா நீராநென். பத்திரிகையா? பயப்படாதீங்க." விரல் மூக்குக்குப் போனது. "இது மூணு தடவ ஒடஞ்ச மூக்கு. ரெண்டு தடவ எதிராளி. ஒரு தடவ மாமியார் வீட்டுக் கதவு."

அதே இடத்தில், அதே அளவு நிறுத்தினான்.

"கதவுதான் ரொம்ப பலம்."

ஓஸ்மோவின் முகத்தில் சிரிப்பு பாதி வழியில் நின்றுபோனது.

"அண்ணே, நீங்களும் நம்ம ஜாதியா? எந்த டீம்?"

"மூணு... மூணு டீம்," என்றான் ஓஸ்மோ. பல்லைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

கேப்டன் போனபிறகு ஓஸ்மோ சுவரில் சாய்ந்தான். "மண்டையில அடி."

"ஜனவரியில. எதிராளிங்க சைகையக் கண்டுபிடிக்கல ஓஸ்மோ. நடுவுல நிக்கற இவர் ஒரு விநாடி பிந்தறார். போகவேண்டிய இடத்துக்குப் போகல. அந்த ஓட்டைக்குள்ள அவங்க வந்து நிக்கறாங்க. துரோகியும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல."

"யாருகிட்ட சொல்லப்போறீங்க?"

"டாக்டர்கிட்ட."

"மேடம், ஒரே ஒரு மேட்ச்." அவன் குரல் தாழ்ந்தது. "இதோட அவன் சீசன் முடியுது. அநேகமா ஆட்டமே முடியுது. ரெண்டு மணி நேரம் ஆடிட்டுப் போகட்டும். நாங்கள்லாம் அப்படித்தான் ஆடினோம். எனக்கு எத்தன தடவ கண்ணு இருட்டியிருக்கு தெரியுமா?"

"தெரியாது. ஆனா கார எங்க நிறுத்தினோம்னு தினமும் நீ என்னக் கேக்கறது தெரியும்."

ஓஸ்மோ பல்லில்லாத ஈறை நாக்கால் தடவினான். அவள் சொன்னதற்காக வருந்தினாள். ஆனால் திரும்ப வாங்கிக்கொள்ளவில்லை.

"இன்னொரு அடி அந்தத் தலைமேல விழுந்தா என்ன ஆகும்னு உனக்கே தெரியும். வா, எழுதினது யாருன்னு பாக்கணும்."

"அவனே எழுதிக்கிட்டது இல்லயா?"

"சீட்டுல நாலு பேருக்குப் பட்டப்பேரு. ஒருத்தனுக்கு மட்டும் சொந்தப் பேரு. கேப்டன் எழுதியிருந்தா என்ன எழுதியிருப்பார்?"

"வாத்து – பின்னால் வலது."

"வாத்துன்னு எழுதக் கை வராதவன் இந்தக் கட்டடத்துல ஒரே ஒருத்தன்தான்."

*

மட்டைகள் அடுக்கிய சின்ன அறை. ராக்கெல் தட்டாமல் திறந்தாள்.

ஹென்ரிக் ஸ்ட்ராண்ட் பெஞ்சில் குனிந்து உட்கார்ந்திருந்தான். ஒரு தொடைமேல் ஒரு துண்டு வெள்ளை டேப். கையில் நீலப் பேனா. மறு தொடைமேல் ஓர் இடது கை கையுறை. அதன் விளிம்பில் பத்தொன்பது என்ற எண். கேப்டனின் எண்.

அவன் கையுறையை மறைக்கப் பார்த்தான். பெரிய உடம்பு, சின்ன அறை. மறைக்க இடமில்லை.

"நாங்க பத்திரிகை இல்ல," என்றாள் ராக்கெல். "மேனேஜர் கூப்பிட்டு வந்தோம். மூணு மணிக்கு உங்க பேர டிவியில சொல்லப்போறார், துரோகின்னு. உண்மையச் சொன்னா தப்பிக்கலாம். ஏன் இன்னும் சொல்லல?"

"சொன்னா கேப்டன் மாட்டிக்குவார்."

"ஜனவரியில என்ன நடந்துச்சு?"

ஹென்ரிக் பேனாவை மூடினான், திறந்தான், மூடினான்.

"மோதல்னு எல்லாரும் சொல்றாங்க. மோதல் இல்ல. சாதாரணப் பயிற்சி. அவர் குனிஞ்சு ரப்பர் வட்டை எடுக்கறார், நான் பாக்கல. என் தோள் அவர் தாடையில. எழுந்து நின்னு சிரிச்சார். 'நல்லா இடிச்சடா'ன்னார். சாயங்காலம் எனக்குப் போன் பண்ணி, நாளைக்கிப் பயிற்சி எத்தன மணிக்குன்னு கேட்டார். சொன்னேன். பத்து நிமிஷம் கழிச்சு மறுபடி பண்ணி அதையே கேட்டார். முதல் தடவ கேக்கற மாதிரியே."

"யார்கிட்டயும் சொல்லல."

"சொன்னா அவர உக்கார வெச்சிருவாங்க. என்னால." பேனாவை உள்ளங்கையில் அழுத்தினான். "மறுநாள் மேட்ச்ல கரடி எந்தப் பக்கம்னு தெரியாம நடுவுல நின்னார். அதுக்கப்புறந்தான் இத எழுத ஆரம்பிச்சேன். ஒவ்வொரு மேட்சுக்கும் அவர் வர்றதுக்கு முன்னாடி கையுறையில ஒட்டிடுவேன். அவர் முகத்தப் பாத்துப் பேச முடியல. இதத்தான் செய்ய முடிஞ்சுது."

"நீங்க அவரக் காப்பாத்தல ஹென்ரிக்," என்றாள் ராக்கெல். மெதுவாகத்தான் சொன்னாள். "ரெண்டு மாசமா அவர ஆபத்துக்குள்ள அனுப்பிட்டு இருந்திருக்கீங்க. கையில ஒரு விலாசத்தக் குடுத்து."

"அப்ப அத நான் எழுதலயா?"

குரல் பின்னாலிருந்து வந்தது. நால்வருக்கும் இடம் போதாத அந்த அறை வாசலில் சம்ப்ஸா நின்றிருந்தான், ஒரு கையில் மட்டும் கையுறையோடு. மற்றதைத் தேடி வந்திருக்கிறான்.

ஹென்ரிக் பேனாவைக் கீழே வைத்தான்.

"ஒவ்வொரு மேட்சுலயும் கைய விட்டா ஒரு டேப் இருக்கும்," என்றான் அவன். "நான்தான் எழுதி வெச்சிருக்கேன்னு நெனச்சேன். எழுதினது ஞாபகம் இல்ல. அதனால என்ன, எதுதான் ஞாபகம் இருக்குன்னு விட்டுட்டேன். எழுதற அளவுக்காவது நம்ம மண்டை ஒழுங்கா இருக்கேன்னு ஒரு தைரியம்." ஹென்ரிக்கைப் பார்த்தான். "நீயாடா எழுதின?"

ஹென்ரிக் தலையசைத்தான்.

நடையில் வேகமான காலடிச் சத்தம். என்ஸியோ. கைக்கடிகாரத்தைத் தட்டிக்கொண்டே வந்தார். "மணி மூணு! யாரு?"

"யாரும் இல்ல," என்றாள் ராக்கெல். நாலே வாக்கியத்தில் எல்லாவற்றையும் சொன்னாள்.

என்ஸியோவின் முகத்தில் முதலில் வந்தது நிம்மதி. அடுத்து வெட்கம். மூன்றாவதாக வந்தது கணக்கு. அதற்குத்தான் ராக்கெல் பயந்தாள்.

"டாக்டர் நாலு மணிக்குத்தான் வர்றார்," என்று அவர் தரையைப் பார்த்துச் சொன்னார். "சம்ப்ஸா இல்லாம எங்களுக்கு நடுவுல ஆளே இல்ல. இன்னைக்கு ஒரு நாள் மட்டும்... அவருக்கே விருப்பம்னா..."

"எனக்கு விருப்பந்தான்," என்றான் சம்ப்ஸா.

ராக்கெல் வாயைத் திறப்பதற்குள் ஓஸ்மோ முன்னால் வந்தான். கால் மணிக்கு முன் ஆடட்டும் என்று சொன்ன அதே ஓஸ்மோ.

"கேப்டன், ஒண்ணு கேக்கறேன். எனக்கும் மண்டை கொஞ்சம் லொடலொடதான், அதனால தப்பா எடுத்துக்காத. ஜனவரிலேர்ந்து எத்தன கோல் போட்ட?"

சம்ப்ஸா யோசித்தான். நெற்றி சுருங்கியது. கண்கள் ஹென்ரிக்கிடம் போயின.

"மூணு," என்றான் ஹென்ரிக்.

"மூணா? எது நல்லா இருந்துச்சு?"

"ரெண்டாவது. கோலுக்குப் பின்னாடிலேர்ந்து சுத்தி வந்தீங்க. ஊசியே அந்தக் கோடியில நம்ம கோல்லேர்ந்து மட்டையத் தரையில தட்டினான். ஜனங்க உக்காரவே இல்ல. உங்க அப்பா வந்திருந்தார்."

"அப்பா வந்திருந்தாரா?"

"அழுதார்."

சம்ப்ஸா சுவரோரம் பெஞ்சில் உட்கார்ந்தான். மேலே அரங்கத்தில் யாரோ ஒலிபெருக்கியைச் சோதித்தார்கள். ஒன்று, இரண்டு, ஒன்று, இரண்டு.

"பதினாறு வருஷமா போட்ட கோல் ஒவ்வொண்ணும் எனக்குத் தெரியும்," என்றான். "எந்த ஊரு, எந்த நிமிஷம், யாரு பாஸ் குடுத்தது, எல்லாம். அப்பா அழுதது தெரியலயேடா." கையிலிருந்த ஒற்றைக் கையுறையைக் கழற்றி ஹென்ரிக்கின் பக்கத்தில் வைத்தான். "இன்னைக்கு ஜெயிச்சாலும் அது எனக்கு இருக்காது. டாக்டருக்கு இப்பவே போன் பண்ணுங்க என்ஸியோ. என் பேர அடிச்சிடுங்க."

என்ஸியோ போனை எடுக்க ரொம்ப நேரம் ஆயிற்று. ஆனால் எடுத்தார்.

ஹென்ரிக் எழுந்து போய் சம்ப்ஸாவின் முன்னால் நின்றான். சம்ப்ஸா அவன் வயிற்றில் ஒரு குத்து விட்டான், விளையாட்டாக. "போடா வாத்து. போய் ஆடு."

ஹென்ரிக் மட்டையைத் தூக்கவில்லை.

*

டாக்டர் வந்தார், கண்ணில் விளக்கு அடித்துப் பார்த்தார், பத்து வார்த்தை சொல்லித் திருப்பிச் சொல்லச் சொன்னார். மூன்று வந்தது. திங்கட்கிழமை பல்கலைக்கழக மருத்துவமனைக்குச் சீட்டு எழுதிக் கொடுத்துவிட்டு, அதுவரை தனியாக இருக்கக் கூடாது, சத்தமும் வெளிச்சமும் கூடாது என்றார். கூட்டத்துக்கு நடுவில் உட்காரப் பிடிவாதம் பிடித்தவனை, கடைசியில் மேலே என்ஸியோவின் கண்ணாடி அறையில், விளக்கை அணைத்து, ஓஸ்மோவைத் துணைக்கு வைத்து உட்கார விட்டார்கள்.

நாலாயிரம் பேர் நிரம்பிய அரங்கம் கண்ணாடிக்கு வெளியே சத்தமில்லாமல் கொதித்தது. ஹென்ரிக் இரண்டாவது பகுதியில் தூரத்து நீலக்கோட்டிலிருந்து ஒரு கோல் அடித்தான். கரடி ஒன்று. எதிராளிகள் இரண்டு.

"என்ன ஸ்கோர்?" என்றான் சம்ப்ஸா.

"ரெண்டு ரெண்டு," என்றான் ஓஸ்மோ.

பலகை எதிரேதான் தொங்கியது. ஐந்து நிமிடத்தில் மறுபடி கேட்டான். "ரெண்டு ரெண்டு." மறுபடி. "ரெண்டு ரெண்டு, கேப்டன்." ராக்கெல் இருட்டில் நின்று ஓஸ்மோவின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு தடவைகூட அதில் கேலி இல்லை, அலுப்பும் இல்லை. ஒவ்வொரு தடவையும் முதல் தடவை போலவே சொன்னான்.

கடைசி நிமிடத்தில், சமன் போதாது என்று கோலைக் காலியாக விட்டு எல்லோரும் முன்னால் ஏறியிருந்தபோது, எதிராளி ஒருவன் தள்ளிவிட்ட ரப்பர் வட்டு யார் காலிலும் படாமல், அவசரமே இல்லாமல் உருண்டு போய் உள்ளே விழுந்தது. சங்கு ஊதியது. ஹென்ரிக் மண்டியிட்டு உட்கார்ந்துவிட்டான். மாமாவும் தபால்காரனும் அவனைத் தூக்கி நிறுத்தினார்கள்.

ஜனங்கள் எழுந்து நின்று கைதட்டுவது கண்ணாடிக்குள் அதிர்வாக மட்டும் வந்தது. சம்ப்ஸா கண்ணை மூடியிருந்தான். திறந்து, அந்தக் கைதட்டலைப் பார்த்துக் கேட்டான்.

"ஜெயிச்சுட்டமா?"

ஓஸ்மோ ராக்கெலைத் திரும்பிப் பார்த்தான். ஒரு சின்னப் பொய் போதும். காலை வரை இவனுக்கு ஒரு நல்ல ராத்திரி. ராக்கெல் அதை அவனிடமே விட்டுவிட்டாள்.

"தோத்துட்டோம் கேப்டன்," என்றான் ஓஸ்மோ. "மூணு ரெண்டு. நல்லா ஆடினாங்க."

சம்ப்ஸா கீழே வெகுநேரம் பார்த்தான். பிறகு ஓஸ்மோவின் தோளில் கை வைத்தான்.

"சரிண்ணே. நாளைக்கிக் கேட்டாலும் இதையே சொல்லுங்க."